தொழிற்கூடத்தில் தம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

வேலை இடத்தில் புகைப்பழக்கத்தை நிறுத்த உதவுவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். ஆலை, பனியன் கம்பெனி, ஐ.டி. அலுவலகம் என்று பல இடங்களிலிருந்து கடிதங்கள் வந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறோம்.

வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி எங்களுடையது. ஒப்பந்த ஆட்களையும் சேர்த்து 340 பேர். ஆண்டுதோறும் மே 31 புகையிலை ஒழிப்பு நாளில் டாக்டரை அழைத்துப் பேசவைக்கிறோம், நுரையீரல் படங்களை ஒட்டுகிறோம், உறுதிமொழி எடுக்கிறோம். கூட்டம் முடிந்த கையோடு பாதிப் பேர் கேட்டுக்கு வெளியே பெட்டிக்கடையில் நிற்கிறார்கள். வேறு என்னதான் செய்வது?
— ஹெச்.ஆர். அலுவலர், ஒரகடம்

சிகரெட் பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படமும் வாசகமும்தான் அச்சாகியிருக்கின்றன. அதைக் கையில் பிடித்துக்கொண்டே கடைக் கயிற்றில் பற்றவைக்கிறவருக்கு உங்கள் சுவரில் ஒட்டிய படம் புதிதாக என்ன சொல்லிவிடும்? கெடுதல் என்று தெரியாமல் யாரும் புகைப்பதில்லை. புகையிலையின் போதைப் பொருளான நிகோடின் ரத்தத்தில் ஏறிய பிறகு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாக இறங்கிவிடும். இறங்க இறங்க எரிச்சல், கவனச் சிதறல், கை பரபரப்பு. எட்டு மணி நேர ஷிஃப்டில் நாலைந்து முறை கேட் பக்கம் கால் போவது அதனால்தான். ஆகவே உறுதிமொழிக்குச் செலவிடும் அரை நாளை வேறு விதமாகச் செலவிடுங்கள்.

முதலில் பெயர் எழுதாத ஒரு தாள். புகைக்கிறீர்களா, வாயில் போடுகிறீர்களா, நாளைக்கு எத்தனை, காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் தம், விட்டுப் பார்த்ததுண்டா என்று ஐந்தே கேள்விகள். கேன்டீனில் பூட்டிய பெட்டி வைத்து அதில் போடச் சொல்லுங்கள். தமிழ், இந்தி இரண்டிலும் அச்சடியுங்கள். பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகளை விட்டுவிட்டுக் கணக்கெடுத்தால் பாதிப் படம்தான் கிடைக்கும். அவர்களில் பலருக்கு சிகரெட் அல்ல, வாயில் அடக்கும் புகையிலையான கைனிதான் பழக்கம்.

அடுத்து, புகையை விடும் திட்டத்தில் தானாக வருகிறவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டாயப்படுத்திச் சேர்த்த ஆள், நிகோடின் சூயிங்கம் போன்ற மருந்தை வாங்கி மேசை டிராயரில் போட்டுவிடுவார். முதல் சுற்றில் பதினைந்து பேர் வந்தாலே நல்ல தொடக்கம். அவர்களில் நாலு பேர் விட்டால் இரண்டாம் சுற்றுக்கு நீங்கள் அறிவிப்பே ஒட்ட வேண்டியதில்லை.

சேர்ந்தவரிடம் கம்பெனி நர்ஸ் தனியே உட்கார்ந்து பத்து நிமிடம் பேச வேண்டும். இரண்டு கேள்வி போதும், பழக்கம் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். எழுந்து 5 நிமிடத்துக்குள் முதல் தம் என்றால் 3 மதிப்பெண், 6 முதல் 30 நிமிடத்துக்குள் என்றால் 2, ஒரு மணி நேரத்துக்குள் என்றால் 1, அதற்குப் பிறகு என்றால் 0. ஒரு நாள் கணக்கு 10 வரை என்றால் 0, 11 முதல் 20 வரை 1, 21 முதல் 30 வரை 2, அதற்கு மேல் 3. இரண்டையும் கூட்டி 0 முதல் 2 வரை வந்தால் லேசான பிடி, 3, 4 என்றால் நடுத்தரம், 5, 6 என்றால் மருந்தில்லாமல் இறங்கச் சொல்வது அந்த ஆளைத் தோற்கவைப்பதற்குச் சமம்.

பிறகு நிறுத்தும் நாளைக் குறிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதி. சம்பள நாள் வேண்டாம், ஆடிட் நடக்கும் வாரமும் வேண்டாம். ஷிஃப்ட் மாறும் வாரம் அறவே கூடாது. தூக்கம் கெட்ட உடம்பு நிகோடினைத்தான் முதலில் கேட்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறேன் என்பவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். 2016-இல் வெளிவந்த ஓர் ஆங்கிலேய ஆய்வில் 697 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். குறித்த நாளில் அடியோடு நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேரும், இரண்டு வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம் பேரும் நான்காம் வாரம் வரை தாக்குப்பிடித்தார்கள்.

நிறுத்திய நாளிலிருந்து நர்ஸ் அவரைப் பார்க்க வேண்டிய நாட்கள் 1, 3, 7, 14, 28. பிறகு எட்டாம் வாரம், பன்னிரண்டாம் வாரம், ஆறாம் மாதம். முன்பகுதியில் இத்தனை நெருக்கம் ஏனென்றால், மறுபடி பழக்கத்தில் விழுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் எட்டு நாளுக்குள்ளேயே விழுந்துவிடுகிறார்கள். பல கம்பெனிகள் "மாதம் ஒரு முறை ஆலோசனை" என்று வைத்துவிட்டு, வருவதற்கு ஆளில்லை என்று வருத்தப்படுகின்றன. முதல் மாதக் கூட்டம் வருவதற்குள் அந்த ஆள் பழையபடி பெட்டிக்கடைக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருக்கும்.

திட்டம் எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். சூப்பர்வைசர் லைனிலிருந்து ஆளை விடமாட்டார். "உற்பத்தி யார் பார்ப்பது" என்பார். ஆகவே அந்தப் பத்து நிமிடம் வேலை நேரமாகவே கணக்கில் வர வேண்டும், மாற்று ஆளை நிறுத்தும் பொறுப்பு எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது, மருந்தை வாங்கிவிட்டு பில் கொடுங்கள், பணம் தருகிறோம் என்பது. நூறு ரூபாய் பில்லுக்கு மூன்று கையெழுத்து வாங்க யாரும் அலையமாட்டார்கள். மருந்து நர்ஸ் அறையிலேயே இருக்கட்டும். மூன்றாவது, பெயர்ப்பட்டியல். அது ஹெச்.ஆர். கம்ப்யூட்டரில் இருந்தால் ஆண்டு மதிப்பீட்டில் வந்து நிற்கும் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு, அந்தப் பயம் நியாயமானதுதான். பட்டியல் நர்ஸிடம் மட்டும் இருக்கட்டும். உங்களுக்கு எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் விட்டார்கள் என்ற எண்ணிக்கை போதும்.

கம்பெனியில் நிகோடின் சூயிங்கம் தந்தார்கள். டீ குடித்துக்கொண்டே மெல்கிறேன். தொண்டை எரிகிறது, விக்கல் வருகிறது, வயிற்றைப் பிசைகிறது. தம் அடிக்கும் ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது. இது ஏமாற்று வேலையா?
— கட்டிங் மாஸ்டர், திருப்பூர்

மருந்தில் ஏமாற்று இல்லை. அதன் பெயரில் "சூயிங்கம்" என்று இருப்பதுதான் வம்பு. நீங்கள் மற்ற சூயிங்கம் மாதிரியே சவசவவென்று மென்றிருக்கிறீர்கள். நிகோடின் மொத்தமும் எச்சிலில் கரைந்து, விழுங்கி, வயிற்றுக்குப் போயிருக்கிறது. அங்கே போனால் எரிச்சலும் விக்கலும்தான் வரும், தலைக்குப் போய்ச் சேருவது சொற்பம்.

இதை வெற்றிலை அடக்குவது போல அடக்க வேண்டும். மெதுவாகப் பத்துப் பதினைந்து தடவை மெல்லுங்கள். மிளகைக் கடித்தது போல நாக்கில் சுருக்கென்று ஏறும். அந்த நொடியில் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்தில் காரம் அடங்கும். திரும்ப நாலைந்து மெல்லு, இந்த முறை அடுத்த கன்னத்தில் ஒதுக்கு. இப்படி அரை மணி நேரம் ஒரு துண்டு. ஊறுவது ஈறு வழியாகத்தான். எச்சிலை அடிக்கடி விழுங்காதீர்கள்.

இரண்டாவது தவறு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. டீ குடித்துக்கொண்டே மென்றதாக எழுதியிருக்கிறீர்கள். டீ, காபி, எலுமிச்சை ஜூஸ், சோடா எல்லாம் வாயில் புளிப்பைக் கூட்டும். புளிப்பு இருந்தால் ஈறு நிகோடினை உள்ளே விடாது. மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பும் மெல்லும்போதும் வெறும் தண்ணீர் மட்டும்.

மூன்றாவது, அளவு. தம் அடிக்கத் தோன்றும்போது மட்டும் ஒன்று போட்டால் காணாது. எழுந்த அரை மணி நேரத்துக்குள் பற்றவைக்கிறவர் என்றால் 4 மில்லிகிராம், இல்லையென்றால் 2 மில்லிகிராம். நம் ஊரில் 2 மில்லிகிராம் மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கும், 4-க்கு டாக்டர் சீட்டு வேண்டும். முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு துண்டு, நாளைக்கு 9-க்குக் குறையாமல். அடுத்த மூன்று வாரம் இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. கடைசி மூன்று வாரம் நான்கிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. எந்த நாளும் 24-ஐத் தாண்டக் கூடாது. கூட்டிப் பார்த்தால் ஓர் ஆளுக்குப் பன்னிரண்டு வாரத்துக்குக் குறைந்தது 500 துண்டாவது ஆகும். உங்கள் கம்பெனி ஆளுக்கு மூன்று அட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு "மருந்தெல்லாம் கொடுத்தோம்" என்று சொல்லியிருந்தால், ஒரு வாரத்துக்குக்கூட வராத மருந்தைத்தான் கொடுத்திருக்கிறது.

பல்செட் வைத்தவர்களுக்கு கம் ஒட்டிக்கொள்ளும். வாயில் கரையும் நிகோடின் மாத்திரை அவர்களுக்குத் தோது.

நிகோடின் பேட்ச்சைத் தோலில் ஒட்டினால் வியர்வையில் கழன்று விழுந்துவிடுகிறது.
— ஃபவுண்டரி தொழிலாளி, கோவை

ஷிஃப்டுக்குப் போகும் அவசரத்தில், குளித்த ஈரத்தோடு ஒட்டினால் நிற்காது. துண்டால் நன்றாகத் துடைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள். முடி இல்லாத இடமாக, மேல்கையின் வெளிப்பக்கம் அல்லது முதுகின் மேல்பகுதி. எண்ணெய், பவுடர், களிம்பு எதுவும் தடவிய இடம் கூடாது. உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். விளிம்பு எழும்பினால் மருந்துக்கடை ஒட்டுத் துணியால் ஓரத்தைக் கட்டலாம். நாளுக்கொரு இடம் மாற்றுங்கள், ஒரே இடத்தில் ஒட்டினால் அரித்துச் சிவக்கும்.

பத்து சிகரெட்டுக்கு மேல் பிடித்தவர் 21 மில்லிகிராமில் தொடங்கி ஆறு வாரம், பிறகு 14-இல் இரண்டு வாரம், 7-இல் இரண்டு வாரம். ராத்திரி கண்டபடி கனவு வந்தால் படுக்கும்போது கழற்றிவிடலாம். உலை வாயிலுக்கு நேரே நிற்கும் ஆள் என்றால் ஒன்று கவனியுங்கள்: சூடு பட்டால் தோல் வழியே மருந்து வேகமாக இறங்கும். தலைசுற்றல், குமட்டல், படபடப்பு வந்தால் கழற்றிவிட்டு நர்ஸிடம் போங்கள். அடிமைத்தனம் இறுகியவர்களுக்கு பேட்ச் ஒட்டிக்கொண்டே இடையிடையே கம்மும் போடுவது, இரண்டில் ஒன்றை மட்டும் எடுப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

நாங்கள் சிறு ஆலை. புகையை விட்டால் 5,000 ரூபாய் தருவதாக அறிவிக்கலாமா? அல்லது பிடிபட்டால் அபராதம் போடலாமா? எது பலன் தரும்?
— ஆலை உரிமையாளர், கோவை

அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஊழியர்கள் 878 பேரை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். 2009-இல் முடிவு வந்தது. ஒரு பாதிக்கு எங்கே போனால் உதவி கிடைக்கும் என்ற தகவல் மட்டும். மறு பாதிக்குத் தகவலோடு பணமும்: வகுப்பை முடித்தால் 100 டாலர், ஆறு மாதத்துக்குள் விட்டால் 250, அதற்குமேல் இன்னும் ஆறு மாதம் விட்ட நிலையில் இருந்தால் 400. ஓராண்டு வாக்கில் பார்த்தபோது பணம் இல்லாத பக்கத்தில் 5 சதவீதம் பேரும், பணம் உள்ள பக்கத்தில் 14.7 சதவீதம் பேரும் விட்டிருந்தார்கள். மும்மடங்கு, சந்தேகமில்லை. ஆனால் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் பணம் காட்டியும் விடவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அபராதத்துக்குப் பக்கத்தில் வரும் இன்னொரு வழி, ஊழியரிடமே முன்பணம் வாங்கி, விட்டால் திருப்பித் தருவது. சி.வி.எஸ். மருந்துக்கடை நிறுவனத்தில் 2,538 பேரிடம் செய்து 2015-இல் வெளியிட்டார்கள். வெறும் பரிசு என்றபோது 90 சதவீதம் பேர் சரியென்றார்கள். 150 டாலர் கட்ட வேண்டும் என்றபோது 13.7 சதவீதம்தான். ஆறு மாத முடிவில் பரிசுப் பக்கம் 15.7 சதவீதம், முன்பணப் பக்கம் 10.2, வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்கள் 6. கையிலிருந்து பணம் போகும் என்ற பயம் வலுவானது. ஆனால் அந்தப் பயத்துக்குள் யாரும் கால் வைக்க மாட்டார்கள்.

விருப்பம் கேட்காமலே எல்லாரையும் பட்டியலில் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 54 கம்பெனிகளில் 6,006 பேரை அப்படிச் சேர்த்த 2018 ஆய்வில், மிக நன்றாக வேலை செய்த முறையிலேயே 2.9 சதவீதம் பேர்தான் ஆறு மாதம் நிலைத்தார்கள். மருந்தை இலவசமாகத் தருகிறோம் என்று மட்டும் சொன்ன பிரிவில் அரை சதவீதம்.

உங்கள் 5,000-ஐ மொத்தமாகத் தராதீர்கள். நான்கு சந்திப்பு முடித்ததும் 500, முப்பதாம் நாள் சோதனையில் தேறினால் 1,500, ஆறாம் மாதம் 3,000 என்று உடைத்துக் கொடுங்கள். கடைசித் தவணை பெரிதாக இருக்கட்டும். தோற்றவர் அடுத்த சுற்றில் திரும்ப வரலாம் என்பதையும் விதியில் எழுதிவிடுங்கள்.

சோதனை என்றதும் பலரும் ரத்தம், சிறுநீர் என்று போகிறார்கள். நிகோடின் உடைந்து வரும் கோட்டினின் என்ற பொருளை அதில் தேடுவார்கள். கம் மெல்லுகிறவருக்கும் பேட்ச் ஒட்டியவருக்கும் அது இருக்கத்தான் செய்யும். ஒழுங்காக மருந்து எடுப்பவரைப் பொய்யர் ஆக்கிவிடும். மூச்சில் கார்பன் மோனாக்சைடு அளக்கும் கைக்கருவி இதற்குப் பொருத்தம். பதினைந்து விநாடி மூச்சடக்கி ஊத வேண்டும். பத்துக்கு மேல் காட்டினால் அண்மையில் புகைத்திருக்கிறார். ஆறுக்குக் கீழே என்றால் புகைக்காதவரின் அளவு. ஆளுக்கு ஆள் ஊதுகுழாயை மாற்றுங்கள். அந்த வாயு நாலைந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும். காலை ஷிஃப்ட் தொடக்கத்தில் ஊதினால் நேற்று மாலை அடித்தவரும் தேறிவிடுவார். மதியத்துக்குப் பிறகு, முன்கூட்டிச் சொல்லாத நாளில் வையுங்கள். பாய்லர், ஜெனரேட்டர், ஃபோர்க்லிஃப்ட் பக்கம் நிற்கிறவருக்கு அந்தப் புகையே அளவை ஏற்றிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அபராதம் பற்றி: ஆலைக்குள் புகைப்பது சட்டப்படி குற்றம், அதற்கு 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. அது இடத்துக்கான விதி. வீட்டிலும் தெருவிலும் ஒருவர் புகைப்பதற்காக நீங்கள் சம்பளத்தில் கை வைக்க முடியாது. பிடிபடும் பயம் வந்தால் ஆட்கள் செய்வது ஒன்றுதான்: கழிவறையில் போய் ஒளிந்து அடிப்பார்கள். பஞ்சு இருக்கும் ஆலையில் அது எத்தனை ஆபத்து என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

புகைக்காதவர்கள் "எங்களுக்கு என்ன?" என்று கேட்பார்கள். டோக்கியோவில் பியாலா என்ற நிறுவனத்தின் அலுவலகம் 29-ஆம் மாடியில் இருந்தது. தம் அடிக்க இறங்கி ஏறக் கால் மணி நேரம். புகைக்காதவர்கள் முறையிட, 2017-இல் அவர்களுக்கு ஆண்டுக்கு ஆறு நாள் கூடுதல் விடுப்பு தந்தார்கள். எல்லா ஆலைக்கும் ஒத்துவரும் என்று சொல்லவில்லை. முறையீடு நியாயமானது, ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும்.

எங்கள் டீமில் முக்கியமான பேச்செல்லாம் தம் பிரேக்கில்தான் நடக்கிறது. மேனேஜரும் அங்கேதான். நான் விட்டு பத்து நாள் ஆகிறது. டீ குடிக்கப் போனாலே கை நடுங்குகிறது, ராத்திரி தூக்கம் இல்லை.
— மென்பொருள் பொறியாளர், சோழிங்கநல்லூர்

கை நடுக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் நிகோடின் இல்லாதது ஒரு காரணம். இன்னொன்று நீங்கள் எதிர்பார்க்காதது: டீ, காபி. புகையில் உள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலைத் தூண்டிவிட்டு, காஃபீனை வேகமாக எரிக்கவைக்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடும். நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் அதே அளவு காபி இப்போது உங்கள் ரத்தத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாக நிற்கிறது. அதைத்தான் பலர் "தம் இல்லாமல் பைத்தியம் பிடிக்கிறது" என்று தப்பாகக் கணக்குப் போட்டு மறுபடி பற்றவைக்கிறார்கள். டீ, காபியை இன்றே பாதியாக்குங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் வேண்டாம்.

தம் பிரேக் விவகாரத்தை நீங்கள் தனியாகத் தீர்க்க முடியாது. பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் பத்து நிமிடம் எழுந்து போவது உடம்புக்கும் மனசுக்கும் வேண்டிய ஒன்று. சிகரெட்டை எடுத்தால் பிரேக்கும் போய்விடும் என்றிருந்தால் யாரும் விடமாட்டார்கள். ஆகவே நிறுவனம் செய்ய வேண்டியது, புகைக்காதவர்களுக்கும் அதே பத்து நிமிடத்தை உரிமையாகக் கொடுத்து, டீயை மாடியிலேயே நல்லதாகக் கிடைக்கச் செய்வது. உங்கள் மேனேஜரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வேலை முடிவுகளை மேசையில் வைத்துப் பேசலாம் என்று. விட்ட முதல் மாதம் டீக்கடைப் பக்கம் போகாமல் இருப்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆசை எழுந்தால் அது உச்சியில் நிற்பது மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். அந்த நேரத்துக்கு மாடிப்படி ஏறுங்கள், தண்ணீர் குடியுங்கள், கிராம்பு ஒன்றை வாயில் அடக்குங்கள்.

ஸ்பின்னிங் மில்லுக்குள் தீப்பெட்டிக்கே அனுமதி இல்லை. அதனால் எங்கள் ஆட்கள் தம் அடிப்பதில்லை, ஹான்ஸ், கூல் லிப் புகையிலையை உதட்டில் வைக்கிறார்கள். இதுவும் இந்தத் திட்டத்தில் வருமா?
— ஷிஃப்ட் சூப்பர்வைசர், திண்டுக்கல் மாவட்டம்

கட்டாயம் வரும். தீ இல்லை என்பதால் பழக்கம் வேறு ரூபம் எடுத்திருக்கிறது. உதட்டுக்குள் இருப்பதால் மெஷினை விட்டு நகர வேண்டியதில்லை, எட்டு மணி நேரமும் நிகோடின் இறங்கிக்கொண்டே இருக்கும். சிலருக்கு பீடியைவிட இது விடுவதற்குக் கடினம்.

இங்கே சொற்பொழிவைவிடப் பல் டாக்டர் பயன்படுவார். அருகிலுள்ள பல் மருத்துவக் கல்லூரியைக் கேட்டால் முகாமுக்கு வருவார்கள். அவரவர் புகையிலை வைக்கும் இடத்தைக் கண்ணாடியில் காட்டச் சொல்லுங்கள். கீழ் உதட்டின் உள்பக்கம் தோல் வெளுத்து, சுருங்கி, யானைத்தோல் போல இருக்கும். சொந்த வாயில் பார்த்தது சுவரில் பார்த்த படத்தைப் போல மறந்துபோகாது. கூடவே ஒரு சோதனை: ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி, மேல் பல்லுக்கும் கீழ் பல்லுக்கும் நடுவில் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றாலும், காரம் பட்டால் வாய் எரிகிறது என்றாலும் உடனே டாக்டரிடம் அனுப்புங்கள். பாக்கு கலந்தது போடுகிறவர்களுக்கு வாய் இறுகுவது அதிகம். இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணைத் தள்ளிப்போடவே கூடாது.

உதட்டில் ஏதாவது இருந்தே பழகியவர்களுக்கு வெறும் வாய் பெரிய தொல்லை. ஏலக்காய், சோம்பு, வறுத்த பட்டாணி என்று ஏதாவது வைத்துக்கொள்ளலாம். பாக்கு மட்டும் வேண்டாம்.

எங்கள் அலுவலகத்தில் தனி ஸ்மோக்கிங் ரூம் கட்டலாமா?
— நிர்வாக அலுவலர், சென்னை

கட்டக் கூடாது. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் 2008 அக்டோபர் 2-இல் அமலுக்கு வந்த விதிகள் பணியிடத்தையும் பொது இடமாகவே கொள்கின்றன. அந்த விதிகள் தனி அறைக்கு இடம் விட்டது விமான நிலையம், 30 அறையோ அதற்கு மேலோ உள்ள ஓட்டல், 30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகம் ஆகியவற்றுக்குத்தான். வாசலில் 60-க்கு 30 சென்டிமீட்டர் அளவில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். யாரிடம் புகார் சொல்லலாம் என்ற விவரமும் தெரிய வேண்டும். சாம்பல் தட்டு, லைட்டர் எதுவும் வைத்திருக்கக் கூடாது. கழிவறை ஜன்னலில் தேங்காய் ஓட்டை வைத்துவிட்டு "அது சாம்பல் தட்டு இல்லை" என்று சொல்லும் வழக்கமும் இதில் சேரும்.

சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறினால் கம்பெனி கணக்கில் விட்டதாக எடுத்துக்கொள்வார்களா?
— பெயர் வேண்டாம், பெங்களூரு

மின் சிகரெட்டைச் செய்வது, இறக்குமதி செய்வது, விற்பது, இருப்பு வைப்பது எல்லாவற்றையும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. எந்தக் கம்பெனியும் அதை ஏற்க முடியாது.

வயது 52. இரண்டு ஆண்டுக்கு முன் ஸ்டென்ட் வைத்தது. சர்க்கரைக்கும் வீசிங்குக்கும் மாத்திரை எடுக்கிறேன். "உங்களுக்கு நிகோடின் ஆகாது" என்று கம்பெனி நர்ஸ் திருப்பி அனுப்பிவிட்டார்.
— எலெக்ட்ரீஷியன், ஓசூர்

நர்ஸ் பயந்ததில் தப்பில்லை. ஆனால் கணக்கு வேறு. சிகரெட்டிலும் நிகோடின் இருக்கிறது, அதோடு கார்பன் மோனாக்சைடும் ரத்தத்தை உறையவைக்கும் சரக்கும் சேர்ந்து வருகின்றன. இதயநோய் நிலையாக இருப்பவர்களுக்கு கம், பேட்ச் எல்லாம் தொடர்ந்து புகைப்பதைவிடப் பாதுகாப்பானவை. மாரடைப்பு வந்து இரண்டு வாரத்துக்குள், நெஞ்சுவலி கூடிக்கொண்டே போகும்போது, இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கும்போதுதான் மிகக் கவனம் வேண்டும். இதய டாக்டரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கி நர்ஸிடம் கொடுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு இரண்டு. புகை நின்றதும் சர்க்கரை இறங்கலாம், முதல் மாதம் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். வீசிங்குக்கு டெரிஃபிலின் போன்ற மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால், காஃபீனுக்குச் சொன்ன அதே கதைதான்: புகை நின்றால் மருந்து ரத்தத்தில் கூடும். குமட்டல், படபடப்பு வரலாம். நிறுத்தும் தேதியை முன்னதாகவே டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். மனநலத்துக்கு ஒலான்சபின், குளோசபின் எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

புப்ரோபியான், வரெனிக்லின் என்று இரண்டு மாத்திரைகளும் உண்டு, டாக்டர் சீட்டில் மட்டும். நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரமாவது முன்பு தொடங்க வேண்டியவை. வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் கூடாது. வரெனிக்லின் வெறும் வயிற்றில் போட்டால் புரட்டும். சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு போடுங்கள்.

விட்டு இருபது நாள். போன ஞாயிறு கல்யாண வீட்டில் ஒன்று அடித்துவிட்டேன். நர்ஸிடம் சொல்லவில்லை. திட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்களா?
— லாரி பராமரிப்புத் தொழிலாளி, நாமக்கல்

ஒன்று என்பது ஒன்றுதான், பழைய கணக்கு திரும்பவில்லை. திரும்பவைப்பது அதற்குப் பிறகு வரும் "போனது போச்சு" என்ற எண்ணம். பேட்ச் ஒட்டியிருந்தால் கழற்றாதீர்கள், அன்றைக்கு ஒரு சிகரெட் அடித்ததற்காக மருந்தை நிறுத்துகிறவர்கள்தான் மறுநாள் பாக்கெட் வாங்குகிறார்கள். நர்ஸிடம் சொல்லுங்கள். எந்த நேரம், யாரோடு, குடித்திருந்தீர்களா என்று கேட்பார். பெரும்பாலும் மூன்றாம் கேள்வியில்தான் விடை இருக்கும். அடுத்த கல்யாணத்துக்குப் போகும்போது சட்டைப் பையில் இரண்டு துண்டு கம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதம் குடிக்கும் இடத்தில் உட்காராதீர்கள். ஒரு முறை சறுக்கியதற்காக ஆளை எடுத்துவிடும் திட்டம் என்றால், அந்த விதியை மாற்றச் சொல்லி எங்கள் பதிலைக் காட்டலாம்.

பத்துப் பேர் வேலை செய்யும் ஒர்க்‌ஷாப். நர்ஸும் இல்லை, டாக்டரும் இல்லை.
— லேத் பட்டறை, அம்பத்தூர்

அரசின் இலவச எண் 1800-11-2356. காலை 8 முதல் இரவு 8 வரை. 2018-இலிருந்து சிகரெட், பீடி பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மையம் வழியாகத் தமிழிலும் பேசலாம். நிறுத்தும் தேதியைக் குறித்துக்கொண்டு, அவர்களே பிறகு திரும்ப அழைப்பார்கள். பேசுவதற்கு ஆளை வேலை நேரத்தில், மெஷின் சத்தம் இல்லாத இடத்தில் இருபது நிமிடம் விடுங்கள். அதற்கு மட்டும் முதலாளியின் மனசு வேண்டும். ஆட்களுக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் மருந்தகத்தில் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். சென்னையில் இருப்பதால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் கேட்டுப் பாருங்கள். 2002-இல் நாட்டில் முதலில் தொடங்கிய 13 புகையிலை விடுப்பு மையங்களில் அதுவும் ஒன்று. இரவு ஷிஃப்ட் ஆட்களுக்கு வேலை நேரத்தில் அந்த இலவச எண் கிடைக்காது. மாலை ஆறு மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் முன் வீட்டிலிருந்தே பேசிவிடச் சொல்லுங்கள்.